செல்வியின் இருபத்திரண்டு வரி

ராசிபுரம் செல்வி போய்விட்டார். காலையில் அவர் தம்பி போன் செய்து சொன்னார்.

அழுகை வரவில்லை... ஆத்திரம்தான் வருகிறது.

பழைய கம்ப்யூட்டர் சென்டர் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மாலை போட்ட படங்களாக வந்து விழுகின்றன. "என்ன ஒரு திறமை!" என்கிறார்கள். அன்றைக்கு எங்கே போயிற்று இந்த வாய்? என் வாயையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நானும் செல்வியும் டெம்பரரி இன்ஸ்ட்ரக்டர்கள். ஒருவரைத்தான் பர்மனென்ட் ஆக்குவேன் என்று ஓனர் சொல்லியிருந்தார். அவருடைய அசல் தொழில் போர்வெல் ரிக்.

ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்குக் கம்ப்யூட்டர்தான் இசை வாசிக்க வேண்டும் என்றார். நான் புரோகிராம் எழுதினேன். ஒரு சுரத்துக்கு ஒரு வரி. மொத்தம் நூற்றறுபது வரி. ஓடியது.

"நல்லா ஓடுதுங்க. பாடற புள்ளைக்குச் சுருதி எட்டலீன்னா, நூத்தறுபது வரியும் மாத்துவீங்களா?" என்றார் செல்வி.

"ஓடறதை எதுக்குங்க நோண்டறீங்க?" எரிந்து விழுந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவரே திருத்தி எழுதினார். சுரங்களை எல்லாம் ஓர் இடத்தில் வைத்து, ஒரே லூப்பில் படிக்க வைத்தார். மேலே, சுருதிக்கென்று ஒரே ஓர் எண். அதே பாட்டு... இருபத்திரண்டு வரி.

அதிலும் முதல் வரி பெயர்களுக்கு மட்டும். என் பெயர், பக்கத்தில் அவர் பெயர்.

ஓனர் இரண்டு பிரின்ட் அவுட்டையும் தூக்கிப் பிடித்தார். என்னுடையது மடிப்பு மடிப்பாக விரிந்து தரையைத் தொட்டது.

"ஏஞ்சாமி, தம்பி இத்தனை அடி எறக்கீருக்குது. நீ ஒரு சாணுலயே நிறுத்திப்போட்டியே?"

"பாட்டு ஒண்ணுதானுங்க. திரும்பத் திரும்ப வர்ற வேலைய ஒரே எடத்துல சேர்த்துட்டனுங்க."

"அப்போ பாதி வேலைதான் செஞ்சிருக்கறே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

விழா அன்று பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினாள். மெஷின் முன்னால் நான் என் நூற்றறுபது வரியில் முதல் வரியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

செல்வி வந்தார். தன் புரோகிராமை ஏற்றினார். ஓர் எண்ணை மாற்றினார். பாட்டு மொத்தமும் கீழே இறங்கியது. அந்தப் பெண் முழுதாகப் பாடி முடித்தாள்.

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். போனேன். சால்வையை வாங்கிக்கொண்டேன். "எழுதியது செல்வி" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

அடுத்த மாதம் நான் பர்மனென்ட். செல்வியை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "கோவமாங்க?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது?

"ஆமாங்க. உங்க மேலதான்" என்றார். "ராசிபுரம் பஸ்சு வந்துருச்சு. வாரனுங்க."

அதன்பிறகு எத்தனையோ பேட்ச்களுக்கு அந்தப் புரோகிராமைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் வரியை அழித்துவிட்டு... இருபத்தொரு வரியாக.

இருபத்திரண்டு வரி, செல்வி. எழுதியது நீங்கள்.

போய் வாருங்கள்.