வளரும் விரலுக்கு ஒரு குழல்

கோட்டை மணி காலை ஏழு அடித்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை வாசலருகே, ஒரு பெரிய புல்லாங்குழலின் துளைகளுக்கிடையே விரல்களை வைத்து அளந்துகொண்டிருந்த மனிதரை அப்போதுதான் பார்த்தேன். வலை பின்னுகிறவர். வலைக்கண்ணை அப்படித்தான் அளப்பார்கள். தோலும் எலும்புமாக இருந்தார். அந்தப் பஞ்சத்தில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் வேறொரு சிறிய குழலை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புதுசா பழகுற கொழந்தைக்கு அதான் தோது. வெரல் எட்டுது பாரு,” என்றார் குழல் விற்பவர்.

“பெர்சே குடு.”

“இன்னா நைனா, வலைன்னு நெனச்சியா? வளந்ததும் இட்டுனு வா, மாத்தித் தரேன். நான் எங்கியும் ஓடிப்போவ மாட்டேன்.”

“நீ இருப்ப.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இவள வித்துட்டேன். உச்சிக்குள்ள கடல் தாண்டி பத்தாவியா போற கப்பல்ல ஏத்திடுவாங்க. அங்க யாரு மாத்தித் தருவா?”

விற்பவர் சிறிய குழலை வாங்கி வைத்துவிட்டு, பெரியதை அவளிடம் கொடுத்தார்.

கப்பலுக்குப் போகும் படகில் அவள் அதை ஊதிக்கொண்டே போனாள். கடைசி இரண்டு துளைகளுக்கு விரல் எட்டவில்லை.