நான்கு மணி வரை தள்ளிப் பார்க்காத கதவு

அண்ணையின் பார்வைக்கு நடுவில் ஒரு கறை விழுந்திருக்கிறது. எதையும் நேரே பார்த்தால் தெரியாது, முகத்தைத் திருப்பி ஓரத்தால் பார்த்தால் தெரியும். அது அடுத்த வருடம் எவ்வளவு பெருக்கும் என்று சொல்ல ஏலாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு லண்டனில் எங்கள் லூயிஷாம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பிரான்சில் இருக்கும் ஒரு கல் மனிதனைப் பற்றி அண்ணை முதல்முறை வாய் திறந்தார். போன நவம்பர் முதல் வாரம் நாங்கள் புறப்பட்டது அவனைப் பார்க்கத்தான்.

லண்டனுக்கு வருமுன் அண்ணை பிரான்சில் ஏழு வருடம் இருந்தவர். முதல் வருடம் பர்கண்டிப் பக்கம் திராட்சை பிடுங்கும் வேலை. மழை பெய்தால் வேலையில்லை, ஊர்த் தேவாலயத்துக்குள் ஒதுங்குவாராம். அங்கே ஒரு தூணின் உச்சியில், முதுகில் கூடையோடு ஒருவனைச் செதுக்கியிருந்தார்களாம். தன்னைப் போலவே அவனும் அழுதுகொண்டு நின்றான் என்றார். கண் இருக்கும்போது இன்னொருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

விபரம் கேட்பவர்களுக்கு: காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். காரோடு கடலடிச் சுரங்க ரயில், போகவர 190 பவுண்ஸ், கடப்பது 35 நிமிடம். பிரான்ஸ் கரையிலுள்ள கலேயிலிருந்து பர்கண்டியின் மாக்கோன் பக்கம் 660 கிலோமீற்றர், தெருக் கட்டணம் 58 யூரோ. அறை இரவுக்கு 72 யூரோ. ஓட்டியது முழுக்க நான்தான், ஆகையால் முறைப்பாடு சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

இந்தப் பக்கத்துத் தேவாலயங்கள் ரொமனெஸ்க் காலத்தவை. தொள்ளாயிரம் வருடப் பழமை, தடித்த சுவர், அரைவட்ட வளைவுகள், கைக்குட்டை அளவு ஜன்னல்கள். அடுத்த நாளைக்கு ஐந்து தேவாலயங்கள் என்று நேரம் போட்டு லிஸ்ட் எழுதியிருந்தேன். முதலாவதான அண்ணையின் தேவாலயத்துக்கே பிந்தி, பன்னிரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய மரக்கதவு மூடிக் கிடந்தது.

"பூசை முடிஞ்சு நடை சாத்திப் போட்டினம், தங்கச்சி. இனி நாலு மணிக்குத்தான்," என்றார் அண்ணை.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாத்தின கோயிலின் கதவை யார் தள்ளிப் பார்ப்பார்கள்? மற்றவையும் இந்நேரம் சாத்தித்தான் இருக்கும் என்று காருக்குள் இருந்து புளிச்சோறு சாப்பிட்டோம். லிஸ்டில் மற்ற நான்கும் ஒவ்வொன்றாகக் கைநழுவ, நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் புறுபுறுத்தேன். அண்ணை நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்க, கல்லறைக்குப் பூச்சட்டி கொண்டுவந்த ஒரு வயதான பெண் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பூட்டுக்குத் திறப்பு ஒன்றும் போடவில்லை. அண்ணை தன் துருப்பிடித்த பிரெஞ்சில் விசாரித்தார். பகலில் அதைப் பூட்டுவதேயில்லை, பாரமான கதவு, அவ்வளவுதான் என்றாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஒரே இருட்டு. அண்ணை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்த இருட்டில் மனுசனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இடப்பக்கத்து மூன்றாவது தூண் என்றார். நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச்சுவர் ஜன்னலால் மாலை வெயில் சரிவாக வந்து, சரியாக அந்தத் தூணின் உச்சியில் விழுந்திருந்தது. கூடையும் மனிதனும் மஞ்சளாகத் தெரிந்தார்கள். மத்தியானம் கதவைத் தள்ளியிருந்தால், உச்சி வெயில் நிலத்தில் விழுந்து, தூணின் உச்சி இருட்டில் கிடந்திருக்கும்.

அண்ணை முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி ஓரக்கண்ணால் கனநேரம் பார்த்தார்.

"அண்டைக்கு அழுறான் எண்டெல்லோ நினைச்சன்," என்றார். "இவன் சிரிக்கிறான், தங்கச்சி. நீயும் பார்."

நானும் பார்த்தேன். தொள்ளாயிரம் வருடத்தில் கல் தேய்ந்து, வாய் இருந்த இடமே மழுங்கியிருந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஓம் அண்ணை," என்றேன். "நல்லாத்தான் சிரிக்கிறான்."

வெயில் தூணை விட்டு விலக இருபது நிமிடம் எடுத்தது. அதுவரை அவர் என் கையை விடவில்லை. மற்ற நான்கு தேவாலயங்களையும் நாங்கள் பார்க்கவேயில்லை.

போகப் போகிறவர்களுக்கு: மூடியிருக்கும் கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். டோர்ச், தடித்த காலுறை இரண்டும் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து என்று என்னைப் போல லிஸ்ட் போடாதீர்கள். கண் மங்கிய ஒருவரோடு நவம்பரில் போகிறீர்கள் என்றால், கதவு திறந்தே கிடந்தாலும் நான்கு மணி வரை காருக்குள் இருங்கள்.