இருபத்தைந்தரை இஞ்ச்

கரிவலம்வந்தநல்லூரில் நெல் விளைவித்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். அப்பா தவறியபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. மறு மாதமே படிப்பை விட்டுச் சங்கரன்கோவிலில் ஒரு கதவுப் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். இன்று நான் தாலுகா அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவர் உளி பிடித்த புண்ணியம்.

இது போன்ற நினைவு மலர்களில் வருகிறவர்கள் எல்லோரும் சாந்தமானவர்களாகவே இருக்கிறார்கள். அண்ணன் அப்படியல்ல, முன்கோபக்காரர். மாட்டிய கதவு நிலை கோணியிருந்தால் வீட்டுக்காரர் கண்முன்னாலேயே கழற்றிப் போடுவார். மதினியிடம் மட்டும் அவர் குரல் உயராது. உயர்ந்தால் அன்றைக்குக் காபி கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

இளவயதில் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தார். எல்லாம் இரவல் கிட்டார். குடும்பமான பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடது கை விரல்கள் வலுவிழக்கத் தொடங்கின. மதுரையில் பார்த்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. நரம்பு நோய், குணப்படுத்த மருந்தில்லை, கையில் தொடங்கி மெல்ல ஏறி மூச்சில் வந்து முடியும் என்றார். திரும்பும் பஸ்ஸில் ராஜபாளையம் வரை அண்ணன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சொன்னார்:

"ஏட்டி, கை போறதுக்குள்ள ஒரு கிட்டார் செய்யப் போறேன். சொந்தக் கிட்டார்ல ஒரு பாட்டாவது முழுசா வாசிச்சிரணும்."

எலக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்றார். அதில் தந்தி மெல்லியது, லேசாக அழுத்தினால் போதும். கடையில் இருப்பதெல்லாம் கழுத்து தடிமன், தன் கைக்கு அடங்காது என்று தானே மரம் எடுத்தார். உடலுக்கு வேம்பு, கழுத்துக்குத் தேக்கு. ஞாயிறுதோறும் ஆளில்லாத பட்டறையில் வேலை. கழுத்தை இழைத்துப் பிடித்துப் பார்ப்பார். அடுத்த ஞாயிறு பிடி இன்னும் தளர்ந்திருக்கும், மறுபடி இழைப்பார். விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகளை, இருபத்தைந்தரை இஞ்ச் தந்திக்குக் கணக்கிட்டு, ஒவ்வொன்றாக அவரே அளந்து பதித்தார். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பும் மற்ற சாமான்களும் பார்சலில் வந்தன.

கடைசியில் பிரிட்ஜ் மட்டும் பாக்கி. தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் இரும்புத் துண்டு அது. அதற்குள் டேப்பை இரண்டு பக்கமும் தனியாகப் பிடிக்க அவரால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். தந்தி தொடங்கும் மேல்முனையில் டேப்பை அவர் அழுத்திக்கொண்டார். பென்சிலோடு நான் கீழே நின்றேன்.

"இருபத்தஞ்சரையில கோடு போடு."

"போட்டுட்டேன் அண்ணே."

அந்தக் கோட்டில் அவர் துளை போட்டுப் பிரிட்ஜை முடுக்கினார். தந்தி மாட்டிச் சுருதி கூட்டினார். விரல் வைக்காமல் மீட்டியபோது அழகாக ஒலித்தது. மதினி கைதட்டினார். ஆனால் விரல் வைத்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் விலகி மேலே ஏறியது. ஒரு வாரம் போராடிப் பார்த்தார்.

"கிட்டார்ல தப்பில்ல. விரல் நடுங்கித் தந்திய இழுக்குது, அதான் ஏறுது. கை போயிருச்சுட்டி" என்று சொல்லி வேட்டியால் மூடிப் பரணில் வைத்துவிட்டார். அதன் பிறகு எட்டு மாதம் அதே கையால் டம்ளர் பிடித்தார், சட்டைப் பொத்தான் போட்டார். கிட்டாரைக் கேட்கவே இல்லை. பின்னர் படுக்கை. பேச்சு நின்றது. கடைசி வாரங்களில் கண் மட்டும்தான் பேசியது. போன வருடம் அவர் மூச்சும் நின்றது.

பதினாறு கழிந்து, அவரோடு பட்டறையிலும் கச்சேரியிலும் இருந்த நண்பர் சிவகிரியிலிருந்து வந்தார். கிட்டாரைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். வாசித்தவர் முகம் சுளித்தார். அண்ணனின் டேப்பை வாங்கி அளந்தார்.

"பன்னெண்டாவது கம்பி தந்திக்குச் சரிபாதியில நிக்கணும். இங்கன கீழ்ப்பாதி ஒரு இஞ்ச் குறையுது. பிரிட்ஜுக்கு அளந்தது யாரு?"

சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி ஒண்ணுல வச்சிப் பிடிச்சிருப்பாவ. நீங்க இருபத்தாறரையில கோடு போட்டிருக்கணும் தாயி."

அவர்கள் பட்டறையில் யாரும் டேப்பின் நுனியிலிருந்து அளப்பதில்லையாம். நுனிக் கொக்கி தேய்ந்து ஆடும், அதனால் ஒன்றாம் இஞ்சில் வைத்துத் தொடங்குவார்கள். எதிரில் நிற்பவர் கேட்ட அளவோடு ஒன்றைக் கூட்டிக் கோடு போடுவார். அங்கே யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை. அவர் முனையைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

பிரிட்ஜை மாற்றித் தருவதாக நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். யார் வாசிக்க? மதினி அப்போது அடுக்களையில் இருந்தார். அவரிடம் இதைச் சொல்ல இந்த ஒரு வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணனைக் குழந்தையைப் போலத் தூக்கி, துடைத்து, ஊட்டிய மதினிக்கும், முடியாத காலத்திலும் அவர் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்காத பட்டறை உரிமையாளருக்கும், ஆம்புலன்ஸ் வரும் முன் ஓடிவந்த தெருக்காரர்களுக்கும், இன்று வந்து அவர் படத்துக்கு முன் நிற்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதினி, இதை நீங்களும் இப்போதுதான் படிக்கிறீர்கள். அன்று அண்ணன் கை வாசிக்கிற அளவுக்கு நன்றாகத்தான் இருந்தது.