ரப்பர் தோட்டத்துச் சுவரில் ஒரு கடல்

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கோவில் சுவரில் படம் வரையப் போயிருந்தேன். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். புதிதாக ஒரு தமிழன் வந்து தங்கினால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தலைவர் சொல்லவில்லை. சொன்னால் என் ஊரைக் கேட்பார்கள்.

என் ஊர் மன்னார்க் கரை. சண்டை வந்தபோது வள்ளத்தில் எதிர்க்கரைக்குப் போனோம். இராமேஸ்வரத்துப் பக்கம் முகாமில் அம்மாவை விட்டுவிட்டு, பிறகு நான் மட்டும் களவாகத் திரும்பினேன். அங்கே எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே எங்கள் வீட்டில் இராணுவம் இருந்தது. கடல் தாண்டி வந்தவன் என்று தெரிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போன சிலர் திரும்பவே இல்லை. அதனால்தான் கடல் இல்லாத பக்கமாக வேலை தேடினேன்.

திருவிழாவுக்கு முன் திருச்செந்தூர் முருகனைக் கடலோடு வரைய வேண்டும் என்றார் தலைவர்.

"நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் கடலத் தாண்டி வந்தவங்கதான் தம்பி. ஆனா இந்த லயத்து வீடுகள்ல பாதிப் பேரு கடலக் கண்டதில்ல. பெருசா வரைங்க."

நான் திருச்செந்தூரைக் கண்டதில்லை. கோபுரத்தையும் முருகனையும் காலண்டரைப் பார்த்து வரைந்தேன். அதில் கடல் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. மிச்சத்தை நானே போட்டேன். அம்மா இருக்கிற கரையை வரையலாம் என்றுதான் தொடங்கினேன். கை பிறந்த கரைக்கே போனது. பனைகள், மணல்மேடு, இழுத்துவைத்த வள்ளங்கள். தூரத்தில் எதிர்க்கரையை ஒரு கோடாக வைத்தேன். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாது.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"ஆத்தாடி, இம்புட்டுத் தண்ணியா?"

"ஒன் வீட்டுக்காரருக்குப் பத்தாதுடி!"

தலையைக் குனிந்து தூரிகையைக் கழுவினேன்.

மறுநாள் மீன்காரர் வந்தார். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி லயம் லயமாக விற்பவர். சுவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்.

"அடே பாஸ், இது மன்னாரம தானே! சண்டைக்கு முந்தி வருசா வருசம் நான் அங்கதான் கரையில வாடிக் குடிசை போட்டு மீன் புடிச்சது. இந்த மேடு எனக்குத் தெரியும். நீ மன்னாரமயா?"

மன்னாரைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொன்னார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் முன்னால் வந்தார்.

"இல்ல மாத்தயா, இது இந்தியா. திருச்செந்தூரு. இவரு நம்ம சொந்தக்காரரு, ஊரு எம்பிலிப்பிட்டிய."

"தலைவர் நல்லா பொய் சொல்றது" என்று மீன்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை. வெகுநாள் காணாத இடத்தைக் கண்ட சந்தோஷம்தான். ஆனால் லயங்களில் விற்று முடித்ததும் அவர் பொலிஸ் நிலையத்துக் குசினிக்கு மீன் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வண்டிச் சத்தம் அடங்கும்வரை தலைவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழிச்சிருங்க தம்பி" என்றார் தலைவர். "மலைய வரைஞ்சிருங்க. பழனின்னு சொல்லிக்கலாம்."

நீலத்தின் மேல் பச்சையைப் பூசினேன். பொழுது சாய்வதற்குள் வள்ளங்கள் போய்விட்டன.

அடுத்த நாள் மீன்காரர் ஒரு மீனைத் தனியாக இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்காக இருக்கலாம். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏன் அழிச்சது?"

நான் பச்சை டப்பாவை மூடினேன்.

"நான் சும்மாதானே கேட்டது. ஏன் அழிச்சது?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல்நாள் நான் அவருக்குத் தெரிந்த ஊர்க்காரன். இப்போது ஒளித்துவைக்க ஏதோ உள்ளவன். இலைப் பொட்டலத்தைத் திரும்பப் பெட்டியில் போட்டார். பெண்கள் பாத்திரங்களோடு காத்திருக்க, ஒன்றும் விற்காமல் வண்டியைத் திருப்பினார்.

"ஒங்களப் போகச் சொல்லல தம்பி" என்றார் தலைவர், என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா பொலிசு வந்தா... பொம்பளப் புள்ளைங்க இருக்குற லயம்."

திருவிழாவுக்கு நான் நிற்கவில்லை. பெரிய ரோட்டில் இரத்தினபுரி பஸ் வந்தது, ஏறினேன். உட்கார்ந்தபோது ஒரு பொலிஸ் ஜீப் தோட்டத்துப் பாதைக்குத் திரும்புவதைக் கண்டேன். அந்தப் பாதையில் வேறு தோட்டங்களும் உண்டு. தலைவரிடம் யாராவது வந்து கேட்டார்களா, அவர் என்ன சொன்னார், எனக்குத் தெரியாது. சண்டை முடிந்த பிறகும் அந்த வழியாக நான் போகவில்லை.