அம்மாக்கண்ணுவின் இரண்டு கிலோ

அம்மாக்கண்ணு யாரையும் லேசில் நம்பமாட்டாள். கம்போங் ராஜா சந்தையில் மீன் வாங்கினால், செவுளைப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். அவள் தலையில்தான் எண்பத்தேழாம் வருஷம் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து விடிந்தது.

அதுவரை பறித்த கொழுந்தின் எடையில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு இரண்டு கிலோவைத் தராசிலேயே கழிப்பார்கள். இனி கம்ப்யூட்டரே கழித்துக்கொள்ளும் என்றார் கணக்கெழுதும் சிவசாமி கிராணி. மாலையில் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பெயரான அவளுக்கு மட்டும் இரண்டு கிலோ குறைவு. அடுத்த பெயர் அம்சவல்லி. அவளுக்கும் அவளுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் முழு எடை! போன மாசம் குழாயடியில் கிராணியின் மனைவியோடு சண்டை போட்டதற்குத்தான் இந்தப் பழிவாங்கல் என்று முடிவே கட்டிவிட்டாள்.

நேராக ஆபீசுக்குப் போனாள். "கிராணி, என் கண்ணு முன்னாடி தட்டிக் காட்டுங்க. என் வயித்துல அடிக்கிறது யாருன்னு பாத்துடறேன்."

"ஐயோ அக்கா, நான் ஒண்ணும் பண்ணல லா!"

கிராணி திரையில் அவள் பெயர் இருந்த வரிக்குப் போய் F2 விசையைத் தட்டினார். கணக்கு விரிந்தது. அவள் எடையில், மேலே இரண்டு கிலோ எழுதிய கட்டம் கழிந்திருந்தது. அம்சவல்லி வரியில் தட்டினார். அங்கே அதற்குக் கீழ்க்கட்டம் கழிந்திருந்தது. அது காலியான கட்டம். கிராணி தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்க வரிக் கணக்கக் கீழ காப்பி அடிச்சேன். கழிக்கிற எடமும் கூடவே ஒவ்வொரு கட்டமா எறங்கிருச்சு."

மறுபடி அவள் வரிக்கு வந்து F2, பிறகு F4 தட்டினார். கணக்கில் $ குறி விழுந்தது.

"அதென்ன வெள்ளி அடையாளம்? யாருக்குப் போவுது?"

"துட்டு இல்லக்கா, பூட்டு. இனிமே அந்தக் கட்டம் நகராது."

கீழே காப்பி அடித்ததும் எல்லாருடைய எடையும் இரண்டிரண்டு கிலோ இறங்கியது.

"என்னுது ஏறவே இல்லையே?"

"உங்களுது மொதல்லேர்ந்தே சரிதான். மத்தவங்களுக்குத்தான் வெட்டாம விட்ருக்கு."

அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள். "பழையபடியே வச்சிடுங்க. நான் வரவே இல்லன்னு நெனச்சுக்குங்க."

"மேனேஜர் துரை பின்னாடி நிக்கிறாரு அக்கா. எல்லாத்தையும் பாத்துட்டாரு."

மறுநாள் மலையில் அம்சவல்லி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள். "கிராணியோட சேந்து எங்க எடையக் கொறைச்சுட்டல்ல?"

"சாமி சத்தியமா, எனக்கு வெட்டினதக் கேக்கத்தான்டி போனேன்!"

ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் மேல் கோபப்படவும் அம்மாக்கண்ணுவால் முடியவில்லை. வேறொருத்தி இதையே சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள்.