நாலாவது கண்ணாடி

பாசல் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஃப்ரிடோலினுக்கு இருபத்தாறு வருடமாக ஒரே வேலை: உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைப்பது. அதற்கு முன் கைக்கடிகார மூடிகளுக்கு மெருகேற்றினார். எதிரே இருப்பவரின் மூக்குக்கண்ணாடியில் தூசி இருந்தால் பேச்சே அவர் காதில் ஏறாது. கழற்றச் சொல்லி வாங்கித் துடைத்துக் கொடுப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் மெருகேற்றிய ஐந்து கண்ணாடிகள், மாலிப்டினம் என்ற உலோகத்தில் செய்த காசளவு வில்லைகள், ஓர் அணு இணைவு உலைக்குள் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தன. உள்ளே எரிவதை வெளியிலிருந்து பார்க்க அவைதான் கண். உலைச் சுவரிலிருந்து பெயரும் கரி படிந்தால் குருடு. ஆள் உள்ளே போய்த் துடைக்கவும் வழியில்லை. எதில் எவ்வளவு கரி என்று அளப்பதுதான் அதே கூடத்தில் வேலை செய்யும் இளம் ஆய்வாளர் செராய்னாவின் ஆராய்ச்சி. ஆக, அந்த அழுக்குதான் அவளுக்குப் பொக்கிஷம்.

ஒன்பது மணிக் காப்பிக்குக் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஃப்ரிடோலின் அந்தக் கண்ணாடிகள் வந்த பெட்டியைத் திறந்தார். கைக்கு வந்த நாலாவது கண்ணாடியின் மேல் ஆல்கஹால் துணியால் ஒரு இழுப்பு. துணி கறுத்த பிறகுதான் செய்தது உறைத்தது. பாழாய்ப்போன கை! பெட்டியை மூடிவிட்டுக் காப்பிக்குப் போனார்.

அளந்து பார்த்த செராய்னாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை; நாலாவதில் மட்டும் கரியே இல்லை. நாலாவது மட்டும் ஆழமான குழிக்குள் பொருத்தப்பட்டிருந்ததாம். குழிதான் அதைக் காப்பாற்றியது என்றாள். ஊரெல்லாம் சொல்லி, அவருடைய மெருகையும் புகழ்ந்து, ஆப்பிள் பரப்பிச் சுட்ட கேக் கொண்டுவந்தாள். மனிதர் இரண்டு துண்டு தின்றார். அதை நினைத்து நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் அறிக்கையைக் காட்டினாள்.

"பெரிய உலை கட்டறவங்களுக்கு அனுப்பப்போறேன். குழி போதும், துடைக்கிற கருவி வேண்டாம்னு எழுதிட்டேன்."

அந்த உலை குருடாகப் போவது அவர் கண்ணில் தெரிந்தது.

"அனுப்பாதே செராய்னா. குழி இல்ல. நான்தான் தொடச்சேன்."

"எப்போ?"

"பெட்டி வந்த அன்னிக்கே. கை பழக்கம்."

அவள் திரையில் இருந்த வரைபடத்தில் நாலாவது கண்ணாடியின் புள்ளியை அழித்தாள். இனி இன்னொரு கண்ணாடி உள்ளே போய்த் திரும்ப இரண்டு வருடம்.

"தொடச்சது பழக்கம். சரி," என்றாள். "மூணு வாரமா தெனமும் எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சீங்களே, அது?"