பதினாறாவது பூட்டு

கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த வரதராஜுலுவை ஊரே 'என்ஜின் நாயுடு' என்றுதான் சொல்லும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று ஆயில் என்ஜின் மூச்சடைத்து நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அந்தப் பேர் மனுசனுக்குத் தலைக்கேறிவிட்டது. 1961இல் அவருடைய பழைய கார் புகை கக்கிக்கொண்டு மேடேற மாட்டேன் என்றபோது, கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் விடலாமே என்றாள் மனைவி வெங்கடலட்சுமி.

"கெணத்து மேட்டுல இருக்கறதுக்கு ஒரு சிலிண்டரு, இதுக்கு நாலு. அவ்வளவுதான அம்மணி! நானே பிரிச்சுப்போடறேன்" என்றார்.

ஒத்தாசைக்குச் சின்னானைக் கூப்பிட்டார். பதினெட்டு வருசமாகத் தோட்டத்து வேலை செய்பவன். காடில்லை, மாடில்லை, கை சுத்தம் என்கிற பேர் ஒன்றுதான் அவன் சொத்து. தேங்காய்க் குடோன் சாவியே அவன் இடுப்பில்தான் இருந்தது.

வாசலில் காரை நிறுத்தி, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார்கள். ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. வால்வு வேலைக்குத் தூசி ஆகாது என்று அதை வீட்டுக்குள் கொண்டுபோகச் சொன்னார் நாயுடு. வாசற்படி வரைக்கும் சின்னான் தூக்கினான். அங்கிருந்து மச்சினன் திருமலைசாமி வாங்கிக்கொண்டான். சின்னான் சாதிக்காரர்கள் அந்தப் படி தாண்டக் கூடாது. இரும்பைச் சுமக்கலாம், இரும்போடு உள்ளே போகக் கூடாது. என்ன நியாயமோ, போங்கள்!

உள்ளே இரண்டு நாள் கரி சுரண்டினார். எட்டு வால்வையும் பசை தடவித் தேய்த்து வழவழப்பாக்கினார். ஒவ்வொரு வால்வையும் ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்க நகக்கண் அளவில் இரண்டு இரும்புப் பூட்டு வேண்டும். ஆகப் பதினாறு. மூன்றாம் நாள், சாப்பிட்டு வந்து உட்கார்ந்து எண்ணினார். பதினைந்துதான் இருந்தது.

பாய்க்கடியில் பார்த்தார், முறத்தில் பார்த்தார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே வாசலுக்கு வந்தார்.

"டேய் சின்னா! எங்கடா வெச்சே அதை?"

களத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னான் வேட்டி மடியை அவிழ்த்து உதறினான். வெற்றிலைக் காம்பு விழுந்தது. "அவளையும் உதறச் சொல்லு" என்றார் நாயுடு. அவன் பெண்டாட்டி காளியாத்தாள் எல்லார் முன்னாலும் முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினாள். ஒரு புகையிலைத் துண்டு விழுந்தது.

"ஏனுங் சாமி, அது உள்ளாறதானுங்க இருந்துச்சு?" என்றான் சின்னான் மெதுவாக. "நான் படி தாண்டுனதே இல்லீங்களே."

யாராவது மடக்கிக் கேட்டால் கை மூக்குப்பொடி டப்பாவுக்குப் போவது நாயுடுவின் பழக்கம். திறந்து விரலை விட்டார். பொடிக்குள் இரும்பு தட்டுப்பட்டது.

சோற்றுக்குக் கூப்பிட்டபோது, தொலைந்துவிடக் கூடாதென்று அவரே அதில் போட்டு வைத்தது! சட்டென்று டப்பாவை மூடினார். 'என்கிட்டத்தான் இருக்குது' என்று சொல்ல ஒரு நொடி போதும். எதிரே ஏழெட்டுப் பேர். என்ஜின் நாயுடு என்கிற பேர். "செரி செரி, எங்கியாச்சும் கெடக்கும், வேலையப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டார். சாயங்காலம் வாசற்படி ஓரத்தில் கிடைத்ததாகச் சொன்னார். படுபாவி, அதைப் போயா சொல்வது! சின்னான் பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. குடோன் சாவி இன்னொரு வேலையாள் வேலுமணி கைக்கு மாறியது.

கார் பூப்போல ஓடியது. அதைக் கேட்கக் கேட்க நாயுடுவுக்கு உடம்பு கூசியது.

அன்றிலிருந்து சின்னான் ஒரு காரியம் செய்தான். வேலை முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, வாசலில் நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போவான். வேண்டாமென்று சொல்ல நாயுடு எத்தனையோ தரம் வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? தினமும் அந்த நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழு வருசம் ஓடிவிட்டது. ஒருநாள் வாசலில் சின்னானும் அவரும் மட்டும் இருந்தார்கள். வேறு யாருமில்லை என்பதைச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"சின்னா, அந்தப் பூட்டு… என்ற பொடி டப்பாயிலதான்டா இருந்துச்சு."

"தெரியுமுங்க சாமி."

"தெரியுமா?"

"அன்னைக்கு டப்பாயத் தொறந்துபோட்டுப் பொடி போடாமயே மூடுனீங்க. அப்புடி நீங்க மூடி நான் பாத்ததே இல்லீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்றா?"

"நானுங்களா சொல்றது?"

நாயுடு தலையைக் குனிந்துகொண்டார். சின்னான் எழுந்தான். மடியை அவிழ்த்தான், நன்றாக உதறினான், திரும்பக் கட்டிக்கொண்டான்.

"வாரனுங்க சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தான்.